பரஸ்தானம் வைத்த ஹெல்மெட்

லீவு வாங்குவதற்காக உயிரோடு இருக்கும் சித்தப்பாவை இரண்டு முறை சாகடித்தவன் நான். பொய்யே சொல்லமாட்டேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் இது பொய் இல்லை. 1983, மாசி மாதம். ஒரு புதன்கிழமை காலையில் தொடங்கி சனிக்கிழமை காலையில் முடிந்தது. நேரம் குறித்து வைத்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

என் பெயர் இராமதாஸ். அப்போது புதுச்சேரி தட்டாஞ்சாவடியில், பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஃபிட்டர். வீடு முத்தியால்பேட்டை. என்னிடம் ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் நான் போன அதிகபட்ச தூரம் விழுப்புரம். அதுவும் மச்சினி கல்யாணத்துக்கு.

அந்த வருஷம் மைசூரில் ஒரு ராலி. பல ஊர் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடுகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் ரோடு. படுத்தால் ரோடு. முப்பத்தொரு வயது. எட்டு வருஷ வேலையில் முதல் முறையாக நாலு நாள் லீவு கிடைத்திருந்தது. இந்தத் தடவை விட்டால் இந்த ஜன்மத்தில் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

என் கூட்டாளி சாமிக்கண்ணு மில் தொழிலாளி. பின் சீட்டில் அவன்தான் வருவதாக ஏற்பாடு. இரண்டு பேரும் உட்கார்ந்து நோட்டில் வழி எழுதினோம். திண்டிவனம் 38 கிலோமீட்டர். செஞ்சி 66. திருவண்ணாமலை 104. செங்கம் 138. ஊத்தங்கரை 170. அப்புறம் கிருஷ்ணகிரி, பெங்களூர், மைசூர். மொத்தம் 440. சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

ஹெல்மெட் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் யார் ஹெல்மெட் போட்டார்கள்? சாமிக்கண்ணு போலீஸ்காரச் சொந்தக்காரர் ஒருவரிடம் தனக்கு ஒன்று பிடித்துவிட்டான். எனக்கும் ஓர் இடம் சொன்னான். கடற்கரைக்குப் போகும் வீதியில் மஞ்சள் சுவர் வீடு. அமிர்தவல்லி அம்மாள் என்று பெயர். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து செத்தவர்.

அந்த அம்மாள் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளை ஹெல்மெட். பிரான்சில் செய்தது. முகத்துக்கு முன்னால் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை.

"எம் புள்ள ராஜாங்கத்தோடது. ஒரு நாள் கூட போட்டதில்ல."

"அவருக்கு வேணாமாம்மா?"

"இப்ப வேணாம். போய்ட்டு வந்து குடு தம்பி."

பிள்ளை பிரான்சில் இருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீதியில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி என் மனைவி வசந்தா காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"சனிக்கிழமை நவமி. அன்னிக்குக் கெளம்பக் கூடாது."

"ராலிக்காரன் நவமி பாத்தா வைக்கிறான்?"

"அப்ப பரஸ்தானம் வைங்க. நாளைக்கு ஒம்பதேகால்லேர்ந்து நல்ல நேரம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில், நம் பொருள் ஒன்றைப் போகிற திசையில் வேறோர் இடத்தில் வைத்துவிட்டு வருவார்கள். அதுதான் பரஸ்தானம். வைத்த நிமிஷத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் நாம் எப்போது போனாலும் தோஷம் இல்லை. உடம்பில் போடும் பொருளாக இருந்தால் நல்லது. வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அங்கிருந்தே கிளம்ப வேண்டும்.

வண்டி ஏற்கனவே கம்பெனியின் பின்பக்கக் கொட்டகையில் இருந்தது. இன்ஜினைப் பிரித்து வேலை செய்து மூன்று வாரமாக அங்கேதான் நிறுத்தியிருந்தேன். தட்டாஞ்சாவடி மேற்கே. மைசூரும் மேற்கே. ஒரு சட்டையைக் கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. ஆனால் புதன்கிழமை காலை அவசரத்தில் சட்டையை மறந்துவிட்டேன். கையில் அந்த ஹெல்மெட்தான் இருந்தது. இதுவும் உடம்பில் போடுவதுதானே?

மணி 9.20. ஹெல்மெட்டை வண்டி சீட்டின் மேல் வைத்தேன். சாமியைக் கும்பிட்டேன். மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்தேன்... 14,306. கொட்டகையைப் பூட்டினேன். சாவி என்னிடம் ஒன்று, வாட்ச்மேன் பக்கிரி அண்ணனிடம் ஒன்று.

வியாழக்கிழமை காலை மணி 8.10. செயினுக்கு எண்ணெய் போடப் போனேன். சும்மா மீட்டரைப் பார்த்தேன்.

14,344.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேராகப் பக்கிரி அண்ணனிடம் போனேன்.

"ராத்திரி வண்டியை யாருக்குக் குடுத்தீங்க?"

"நான் ஏன் குடுக்கறேன்? எம் புள்ளைங்க மேல சத்தியம் தம்பி. கதவையே தொறக்கல."

டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் அளந்த பெட்ரோல் அப்படியே இருந்தது. சக்கரத்தில் நான் துடைத்த பளபளப்பு அப்படியே இருந்தது. முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்கவில்லை. மீட்டர் கேபிளில் கோளாறு என்று முடிவு செய்தேன். நிற்கிற வண்டியில் கேபிள் எப்படிச் சுற்றும் என்று அந்த ஃபிட்டர் மூளை கேட்கவில்லை. ராலிக்குப் போகிற அவசரம் அப்படி.

அப்புறம்தான் ஹெல்மெட்டைப் பார்த்தேன்.

முகக் கண்ணாடியில் பூச்சிகள். நாலைந்து சின்னப் பூச்சிகள், மோதி நசுங்கி ஒட்டியிருந்தன. சாயங்கால நேரத்தில் ரோட்டில் வேகமாகப் போனால் ஒட்டுமே, அப்படி.

துணியால் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயணம் நின்றுவிடும் என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை காலை 8.05.

14,410.

வெயிலில் நின்று கழித்துப் பார்த்தேன். 104. நோட்டைப் புரட்டினேன். திருவண்ணாமலை. முந்தின நாளின் 38... திண்டிவனம்.

ஹெல்மெட் மேல் செம்மண் தூசி. கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்திருந்தது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பாகத்தை இரண்டு முறை தப்பாக அறுத்தேன். மேஸ்திரி திட்டினார். சாயங்காலம் சாமிக்கண்ணு கொட்டகைக்கு வந்து பையைக் கட்டுவதாகப் பேச்சு. ஆறரைக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. கம்பெனியில் எல்லோரும் போய்விட்டார்கள். பக்கிரி அண்ணன் வாசல் கேட்டில் இருந்தார்.

மணி 6.48. கரண்ட் போனது.

டார்ச் எடுத்துக்கொண்டு கொட்டகைக் கதவைத் திறந்தேன். உள்ளே கால் வைக்கவில்லை. ஏதோ சத்தம்.

ம்ம்... ம்ம்ம்... ம்ம்...

யாரோ பாட்டு முனகுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு. சந்தோஷமாக.

"யாரு?"

நிற்கவில்லை.

டார்ச்சை அடித்தேன். வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. ஸ்டாண்டு போட்டபடி. ஆள் யாரும் இல்லை. சீட்டில் ஹெல்மெட் மட்டும். காலையில் அது சுவரைப் பார்த்து இருந்தது. இப்போது ஹேண்டில்பார் பக்கம் பார்த்து இருந்தது.

கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

மூச்சு.

முனகல் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

ஓடியிருக்க வேண்டும். வண்டிக்குக் கிட்டே போனேன். டார்ச் வெளிச்சம் மீட்டர் மேல் விழுந்தது. வேக முள் ஐம்பதில் நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சக்கரம் அசையவில்லை. இன்ஜின் ஓடவில்லை.

எண் உருண்டது.

14,473.

இன்ஜினைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஹேண்டில் பிடியைத் தொட்டேன். சூடு. வியர்வை ஈரம்.

சற்றுமுன் யாரோ பிடித்த மாதிரி இல்லை... இப்போதும் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

எண் மறுபடி உருண்டது.

14,474.

என் வண்டி. என் பயணம். நான் இங்கே நிற்கிறேன். போவது யார்?

அந்தப் பயத்தில்தான் அதைச் செய்தேன். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

கனம். உள்ளே தலை இருக்கிற கனம்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தேன்.

முனகல் நின்றது.

ஹெல்மெட் என் கையோடு வந்தது. காலி. முள் சர்ரென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. கரண்ட் வந்தது.

கைக்கடிகாரத்தில் மணி 7.02.

வண்டியை அங்கேயே விட்டேன். ஹெல்மெட்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். வசந்தா வாசலிலேயே மறித்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"இரவல் பொருளையா வெச்சீங்க?"

"ஆமா."

"அப்ப அது உங்க பயணமே இல்ல. யாரு பொருளோ அவங்க பயணம்."

அவள் குரலே மாறிவிட்டது. ஹெல்மெட்டை வீட்டுக்குள் விடவில்லை. கொல்லையில், துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்து வாளியைக் கவிழ்த்து மூடினேன். இரண்டு பேரும் தூங்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு சாமிக்கண்ணு பையும் கையுமாக வந்தான். முந்தின நாள் மில்லில் ஓவர்டைம் என்று ஏதோ சொன்னான். நான் வரவில்லை என்றேன்.

"மூணு மாசம்டா. மூணு மாசமா சொல்லிக்கினு இருந்தியே. பொண்டாட்டி விடலியா?"

"அப்படியே வெச்சிக்க."

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். எனக்கு அழுகை வந்தது. மைசூர் போச்சு. அதைவிட, உயிர் தப்பியது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது பாருங்கள், அதை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.

காலை மணி 9.40. ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று அந்த மஞ்சள் சுவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். இரும்பு நாற்காலிகள். ஆட்கள்.

அமிர்தவல்லி அம்மாள் உள் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். பக்கத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கிட்டே வரச் சொன்னார்.

"எம் புள்ள போய்ட்டான் தம்பி."

"பிரான்ஸ்லயாம்மா?"

"பிரான்ஸா? இங்கதான். இந்தக் கட்டில்லதான். காலையிலதான் எடுத்துட்டுப் போனாங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ராஜாங்கம் எங்கேயும் போகவில்லை. மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன். முதலில் ஹெல்மெட்டை வரவழைத்தான். வண்டி வாங்குவதற்கு முன்னால் மாடிப்படியில் தவறி விழுந்தான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பேச்சும் போய்விட்டது. இரண்டு வருஷமாக அந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறான். நான் ஹெல்மெட் வாங்க வந்த அன்றைக்கும், உள் அறையில்.

"ரெண்டு வருஷமா வாயத் தொறக்காத புள்ள தம்பி. புதன்கிழம காலையில கஞ்சி குடுக்கப் போறேன், சிரிக்கிறான். கெளம்பிட்டேம்மாங்கறான். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஊர் பேரா சொல்றான். திண்டிவனம் வந்துட்டேன்றான். செஞ்சிக் கோட்ட தெரியுதுன்றான். திருவண்ணாமல தாண்டிட்டேன்றான். மூணு நாளா பாட்டு முனகிக்கினே இருந்தான். அவ்ளோ சந்தோஷம் அவன் மொகத்துல நான் பாத்ததே இல்ல. டாக்டரு வந்து பாத்துட்டு, இனிமே நல்லாயிடுவான்னு சொல்லிட்டுப் போனாரு."



"நேத்து சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பாட்டு நின்னுபோச்சு. அம்மா, யாரோ என் தலையப் புடிச்சி இழுக்கறாங்கன்னான். அவ்ளோதான்."

அவர் என் கையைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். அதன் மேல் இருந்த செம்மண் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளை எந்த பஸ்ஸில் வருகிறான் என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

"அவன எங்க விட்டுட்டு வந்த தம்பி?"

நூற்று அறுபத்தெட்டாவது கிலோமீட்டரில், ஊத்தங்கரைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால். எனக்குத் தெரியும். ஹெல்மெட்டை அவர் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.