மரத்தின் முதுகு

ஜவுளிக்கடைப் பொம்மைகளுக்கு முதுகு கிடையாது. இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும், தொளதொளத் துணியை இழுத்துப் பிடித்து குண்டூசியும் கிளிப்புமாகக் குத்தி வைத்திருக்கும் லட்சணம். முள்ளம்பன்றிக்குச் சட்டை போட்ட கணக்காக இருக்கும்.

இந்தக் குத்துவேலையைக் காலமெல்லாம் செய்தவரைக் கடையில் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வார்.

கடைப் பழக்கம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போடுவார். ஹாலுக்குப் பெயின்ட் அடித்தபோது பீரோவை நகர்த்தாமல் சுற்றி அடித்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். பின்னால் பழைய சுவர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த அன்றைக்கு அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வீடு என்ன ஷோகேஸா? நான் என்ன பொம்மையா?"

"பொம்மைன்னா இவ்வளவு பேசாதில்ல."

அன்றைக்குச் சாயங்கால டீ வரவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தால் இந்தச் சண்டை இன்னும் களைகட்டும். பீரோவை நகர்த்திவிட்டு அந்த மூலையில்தான் பிளாஸ்டிக் மரத்தை நிறுத்துவார்கள். முன்பக்கம் பொம்மைக்காரர் கைவரிசை. கலர் உருண்டைகளை விரலால் இடைவெளி அளந்து தொங்கவிடுவார். ஜிகினாவைத் தலைவாரிய மாதிரி படியவைப்பார். கீறல் விழுந்தது, கோணியது எதுவும் அவர் கையில் தப்பாது, தூக்கிப் போட்டுவிடுவார். முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். அதன் பிறகு மனைவி மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நுழைவாள். பின்னாலேயே மகளும் தவழ்ந்து போவாள்.

"அங்கே போய் யாருக்கு அலங்காரம்? யார் பார்க்கப் போறா?"

"சுவர் பார்க்கும். உங்களுக்கென்ன?" என்று குரல் மட்டும் வரும். அப்புறம் கிசுகிசுப்பு. அப்புறம் சிரிப்பு. ஜிகினாவை வீணடிக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் செய்தித்தாளை விரிப்பார். ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

மகள் வளர்ந்து, வேலை கிடைத்து, விமானம் ஏறிப் போனாள். மனைவியும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவர் மரத்தைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. வீடியோவில் கூப்பிட்ட மகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டியூப்லைட்டும், அதன் கீழே சவரம் செய்யாத ஒரு முகமும்தான். அவள் அழுதாள். அழுது முடித்துத் தீர்ப்பும் சொன்னாள்.

"அடுத்த வருஷமும் இப்படியே உட்கார்ந்திருந்தீங்கன்னா வீட்டைப் பூட்டி வித்துட்டு என்கூட வந்துடணும். சொல்லிட்டேன்."

அவள் ஊரில் ஜன்னலைத் திறக்கவே முடியாதாம். அதுகூடப் பரவாயில்லை. இந்த வீட்டில் மனைவி இல்லாதது ஒவ்வொரு இடத்திலும் இருந்தது. அடுப்பு மேடையில் ஒரு மாதிரி, கட்டிலின் ஓரத்தில் ஒரு மாதிரி. அங்கே போனால் அவள் இல்லாததுகூட இருக்காது. இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால், "சரிம்மா" என்று சொல்லி வைத்தார்.

ஆகவே இந்த வருஷம் மரம் நின்றாக வேண்டும்.

விடுமுறைக்குக் கடை அடைக்கும்போது, ஷோகேஸில் அடுக்கியிருந்த பரிசுப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். பளபளா காகிதம், பட்டு ரிப்பன், உள்ளே வெறும் காற்று. கல்லாவில் இருக்கும் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"காலிப் பெட்டியை யாருக்குக் குடுக்கப் போறீங்க பொம்மைக்காரரே?"

"பொண்ணுக்குக் காட்டணும்."

"குடுக்கறதுக்கா, காட்டறதுக்கா?"

"காட்டினாப் போதும். வீடியோவுல கைய விட்டுப் பிரிக்க முடியாதில்ல?"

அவள் சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்களேன்," என்றாள். "வீட்ல ஆளுங்க வர்றாங்க," என்று சொல்லிவிட்டு அவர் பெட்டிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டார். வருகிற ஆள் தண்ணி கேன் போடுகிறவர் மட்டும்தான். அவரும் வாசலோடு சரி.

மறுநாள் பீரோவைத் தள்ளி மரத்தை நிறுத்தினார். நாற்காலியில் செல்போனைச் சாய்த்து வைத்து, அதன் திரையில் எது தெரிகிறது என்று பார்த்தார். திரைக்குள் விழுந்த கிளைக்கெல்லாம் யோகம். மீதிக் கிளைகள் பச்சைக் கம்பியாகவே நின்றன. சீரியல் பல்புச் சரத்தில் பாதிதான் எரிந்தது. எரிந்த பாதி முன்னால் வந்தது, செத்த பாதி பின்னால் போனது.

அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு துணிப்பை கிடந்தது. அவிழ்த்தால், ஒற்றைச் சிறகோடு ஒரு தேவதை, விரிசல் விட்ட உருண்டை, கோணல்மாணலாக வெட்டிய அட்டை நட்சத்திரம், ஜிகினா சுற்றி நூல் கட்டிய ஒரு விரல். விரலை அவருக்கு அடையாளம் தெரிந்தது. எப்போதோ கடையில் ஒரு பொம்மை விழுந்து உடைந்தபோது சட்டைப்பையில் போட்டு வந்து, வீட்டுக் குப்பையில் எறிந்தது. இந்தக் கருமத்தையெல்லாம் எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று சலித்துக்கொண்டே, பையோடு அடுப்படிக் குப்பைக் கூடையில் போட்டார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். முன்பக்கம் இஸ்திரி போட்ட சட்டையில் அவர் தயாராக நின்றார்.

"அப்பா! மரம்! நீங்களேவா வெச்சீங்க?"

"பின்ன, கடைப் பொம்மைங்களா வந்து வெச்சுது?"

"பெட்டியெல்லாம் வேற இருக்கே!"

"ஆளுங்க வந்து போறாங்கல்ல. வெச்சுட்டுப் போறாங்க."

மகள் சிரித்தாள். வீடு பிழைத்தது என்று அவர் மூச்சு விட்டார். கொஞ்சம் சீக்கிரமாகவே விட்டுவிட்டார்.

"போனை எடுத்துட்டு மரத்துக்குப் பின்னாடி போங்களேன்."

"பின்னாடி என்ன இருக்கு? சுவர்தான்."

"சும்மா போங்கப்பா."

பொம்மைக்காரருக்கு வேறு வழி தெரியவில்லை. வாயைப் பாதி திறந்து, கையைப் பாதி தூக்கி, அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். நெட்வொர்க் போய்ப் படம் உறைந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்ளட்டும். அசையாமல் நிற்பது எப்படி என்று அவருக்கா சொல்லித்தர வேண்டும்? இமைகூட ஆடவில்லை.

"அப்பா," என்றாள் மகள். "சீரியல் லைட்டு மின்னுதுப்பா."

கை தானாகக் கீழே இறங்கியது.

போனை எடுத்துக்கொண்டு போனார். மரத்தின் முதுகு வெறும் பச்சைக் கம்பியாக நின்றது. செத்த பல்புச் சரம் அதில் கயிறு மாதிரி தொங்கியது.

"அம்மா பக்கம் எங்கப்பா?"

"என்ன பக்கம்?"

"அம்மா பக்கம். இதுக்கு எங்க வீட்டுப் பேரு அது."

எங்க வீடு என்கிறாள். அந்த வீட்டில்தான் அவரும் இருந்தார். இப்படி ஒரு பேரை அவர் கேட்டதே இல்லை.

"சின்ன வயசுல மரத்தடியில இருந்த பெட்டியைப் பிரிச்சுட்டு அழுதேனே, ஞாபகம் இருக்கா? ஷோகேஸ் பெட்டி. உள்ள ஒண்ணும் இல்ல. அன்னைக்குத்தான் அம்மா என்னை இங்க கூட்டிட்டு வந்துச்சு. 'முன்னாடி இருக்கறது அப்பா கடை, நம்ம வீடு இங்க இருக்கு'ன்னு சொல்லுச்சு. நீங்க வேணாம்னு எறிஞ்சதையெல்லாம் எடுத்து இங்கதான் மாட்டும். ஒரு விரல் இருந்துச்சேப்பா... அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் ஜெபம் பண்ணுவேன்."

போனைத் தரையில் வைத்துவிட்டு அவர் அடுப்படிக்கு ஓடினார். கூடை இன்னும் அங்கேதான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வந்து தேவதையைத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் டீத்தூள்.

"என்னப்பா இது?"

"டீ குடிச்சிட்டு வந்திருக்கா."

மகள் சிரித்தாள். மரத்துக்குப் பின்னாலிருந்து வருமே, அந்தச் சிரிப்பு.

அவள் சொல்லச் சொல்ல அவர் மாட்டினார். கோணல் நட்சத்திரம் மேலே, விரிசல் உருண்டை நடுவில். விரலுக்கு மட்டும் இடம் சரிப்படவில்லை.

"கீழப்பா. இன்னும் கீழ. உட்கார்ந்து பாருங்க, கண்ணுக்கு நேரா இருக்கும்."

அவர் காலை மடக்கி அந்தச் சந்துக்குள் உட்கார்ந்தார். முட்டி முணுமுணுத்தது. விரலைத் தொங்கவிட்டார். அது அவர் மூக்குக்கு நேராக ஆடியது.

"அதான்," என்றாள் மகள். பிறகு, "போன வருஷம் ஒண்ணு சொன்னேனேப்பா..."

"எதும்மா?"

"ஒண்ணுமில்ல. நீங்க அங்கயே இருங்க. எனக்கு இன்னைக்கும் வேலை இருக்கு, நேரமாச்சு."

திரை இருண்டது.

எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தபோதுதான் பார்த்தார். பெயின்ட் அடிக்காமல் விட்ட அந்தப் பழைய சுவரில் எண்ணெய்க் கறை. தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்தது. பெரியதாக ஒன்று. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே, சின்னதாக ஒன்று.

அவர் எழுந்திருக்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் சீரியல் பல்புகள் காலிப் பெட்டிகளுக்கும் காலி நாற்காலிக்கும் மின்னிக்கொண்டிருந்தன. பெரிய கறையைத் தொடாமல், அதன் மறுபக்கத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு ஆளுக்கு அங்கே இடம் எப்போதுமே இருந்திருக்கிறது.