மைக்கில் விட்டுப்போன வரி

எங்கள் அப்பா ரத்தினவேலின் வேலை, ஊர் ஊராகப் போய் அளவோடு பிள்ளை பெறுங்கள் என்று மைக்கில் சொல்வது. வீட்டில் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர். இந்த இரண்டு சேதியையும் அடுத்தடுத்து வைத்துச் சிரிக்காத ஆள் திருக்கோகர்ணத்தில் கிடையாது. அப்பாவும் கூடச் சிரிப்பார். சிரிப்பு என்றால் பல்லைக் காட்டுவார், அவ்வளவுதான். சத்தம் வராது. சத்தமெல்லாம் மைக்குக்குத்தான்.

நாற்பத்தெட்டில் எங்கள் ஊர் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அரண்மனைக் கார் ஷெட்டில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஊரே கொடி மாறுவதைப் பார்க்கப் போயிருந்தது. இவர் போகவில்லை. எந்தக் காரும் வெளியே போகப்போவதில்லை என்று தெரிந்தும் அத்தனையையும் துடைத்தார். ஏன் என்று கேட்டால், "தூசி இருந்துச்சு" என்பார். அப்பாவின் வாழ்க்கையை யாராவது ஒரே வரியில் எழுதச் சொன்னால் நான் இதை எழுதிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஷெட்டு போனபிறகு லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் பஸ். அறுபத்து மூன்றில் சுகாதாரத் துறையில் ஜீப் ஓட்ட எடுத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று ஏதோ வெளிநாட்டுச் சங்கம் தானமாகக் கொடுத்த ஜீப் அது. ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊர் வண்டிகளில் டிரைவர் உட்காரும் வலது பக்கத்தில் நர்ஸ் பிரகதாம்பாள் உட்கார்ந்து வருவார். முன் கண்ணாடியில் பாதி சேறு. தூரத்தில் பார்க்கிறவர்களுக்கு ஒரு பொம்பளை கையைக் கட்டிக்கொண்டு ஜீப் ஓட்டிவருகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் வயலில் நின்றவர்கள் கும்பிட்டார்கள். அப்புறம் அது என்ன வண்டி என்று தெரிந்ததும் ஆம்பளைகள் கரும்புக்குள் இறங்கி ஒளிய ஆரம்பித்தார்கள்.

வேலை இதுதான். சாயங்காலம் ஊர்ப் பொதுவில் ஜீப்பை நிறுத்தி, வெள்ளைத் துணி கட்டி, படம் காட்டுவது. முதலில் கொசுவைப் பற்றி ஒரு படம், பிறகு சின்னக் குடும்பத்தைப் பற்றி ஒன்று. ரீல் மாற்றும் நேரத்தில் அப்பா மைக்கைப் பிடித்து, ஆம்பளைகளுக்கான ஆபரேஷன் பற்றி ஆபீசில் கொடுத்ததைச் சொல்வார். வலி இல்லை, வெட்டுக்காயம் பெரிதில்லை, வேலை வெட்டி பார்க்கலாம், காளைக்குச் செய்கிற காரியம் இல்லை இது. கடைசியாக ஒரு வரி: ஆபரேஷன் செய்தபிறகும் மூன்று மாதம் கணவன் மனைவி எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அதற்குள் கருத்தரிக்கலாம்.

அந்தக் கடைசி வரியில்தான் வம்பு. கோட்டைப்பட்டினத்தில் ஒரு நாள் அப்பா அதைச் சொன்னதும் கூட்டத்திலிருந்து ஒருத்தன், "மூணு மாசம் எங்கிட்டுப் படுக்கிறதுண்ணே? ஒங்க ஜீப்புலயா?" என்றான். இன்னொருத்தன், "ஜீப்புல நர்சம்மா இருப்பாகடா" என்றான். கடற்கரையே சிரித்தது. பொம்பளைகள் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஆம்பளைகளும் கலைந்தார்கள். இரண்டாவது ரீல் வெறும் மணலுக்கு ஓடியது.

மறு வாரத்திலிருந்து அந்த வரி அப்பாவின் வாயில் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. நர்சம்மா அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குள் பொம்பளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆபரேஷன் முகாமில் அறுக்கிற டாக்டர், மைக்கில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார். அப்பா, டாக்டர் சொல்வார் என்று நினைத்தார். கூட்டம் கடைசிவரை உட்கார ஆரம்பித்தது. ஜீப் கொடுத்த சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அமைதியாக ஜனங்களைக் கேட்கவைக்கும் ஆளை இந்தியாவில் பார்த்ததில்லை என்று அப்பாவைப் போட்டோ எடுத்துப்போனார். ஏதோ ஒரு நாட்டில் நடக்கிற மாநாட்டில் அதைக் காட்டினார்களாம். ஒரு பிரதி எங்களுக்கும் வந்தது. அதை மாட்டிய இடத்தில் சுவர் பெயர்ந்திருந்தது. நல்லவேளை, மறைத்தது.

வல்லத்திராக்கோட்டை வீரய்யா ஜீப்பை மறித்தது அறுபத்தைந்து கடைசியில். அவர் அந்த ஊரில் முதலில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆள். அப்பாவின் பேச்சைக் கேட்டு, நாலு பேர் கேலி செய்தும் வந்தவர். அன்றைக்கு நர்சம்மா வண்டியில் இல்லை.

"யோவ் டிரைவரு, நீ சொன்னியே, செஞ்சா உண்டாகாதுன்னு. காத்தாயி உண்டாயிருக்கா."

காத்தாயி அவர் பெண்சாதி.

அப்பா என்ஜினை அணைக்கவில்லை. "டாக்டரு ஒழுங்காத்தான் செஞ்சிருப்பாரு" என்றார்.

"அப்ப?"

"அப்பன்னா என்னத்தச் சொல்றது நானு? டாக்டரு ஒழுங்காத்தான் செஞ்சிருப்பாரு."

வீரய்யா கொஞ்ச நேரம் ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு விட்டுவிட்டார். அன்றைக்கே காத்தாயியை அவள் ஆத்தா வீட்டுக்கு விரட்டிவிட்டார். நர்சம்மா காதுக்கு அவள் போன சேதி மட்டும்தான் வந்தது. நடந்ததை அப்பா வீட்டில் சாப்பிடும்போது சொன்னார், பஸ் லேட்டு என்கிற மாதிரி. அம்மாதான், "பாவம், அந்தப் புள்ள என்ன சொன்னுச்சாம்?" என்று கேட்டாள். அதை யாரும் கேட்கவில்லை என்று அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரசம் கேட்டார்.

எங்கள் அம்மா மீனம்மாள், கடைசித் தம்பி பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொன்று கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீரய்யா ஜீப்பை மறித்ததற்கு அடுத்து வந்த தையில் அப்பாவே முகாமில் படுத்து ஆபரேஷன் செய்துகொண்டார். தெரு முழுக்க அதைத் தெரிந்து வைத்திருந்தது. ஆபீசில் பாராட்டிப் பேசினார்கள். கடைசி வரி என்று ஒன்று இருந்ததே, அது அவருக்கே ஞாபகமில்லை. வாயை விட்டுப் போனது மண்டையை விட்டும் போய்விட்டது.

சித்திரையில் அம்மா காலையில் வாந்தி எடுத்தாள்.

முதலில் சொன்னது பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காள். குழாயடியில் வைத்து, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஏண்டி மீனம்மா, ஒம் புருசன் சர்க்காரு ஆபரேசன் செஞ்சவருல்ல? என்ன, சர்க்காரு கத்தி மொன்னையா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

வீட்டில் சண்டை வரவில்லை. வந்திருந்தால் எனக்கு அது பழகியதாக இருந்திருக்கும். தெருவில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன், பாதி நான் மூட்டிவிட்டது. இது வேறு. அப்பா வெளியே சாப்பிட ஆரம்பித்தார். வந்தால் ஜீப்பைத் துடைப்பார். துடைத்த இடத்தையே துடைப்பார். அம்மா ஒரே ஒரு தடவை, "நா ஒரு தப்பும் செய்யலங்க" என்றாள். அப்பா துணியைப் பிழிந்தார். அம்மா அதைத் திரும்பச் சொல்லவில்லை. சமைத்தாள், துவைத்தாள், தம்பிக்குத் தலை வாரினாள். நான் அப்பாவின் மைக் குரலில் சொம்புக்குள் பேசிக் காட்டினால் எப்போதும் சிரிக்கிறவள், அந்த வாரம் சொம்பை வாங்கிக் கழுவி வைத்தாள்.

ஒரு சாயங்காலம் அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அறந்தாங்கிக்குப் போயி ஒங்கண்ணன் வீட்டுல இரு. பொறவு பாக்கலாம்."

"பிள்ளைக?"

"இங்கிட்டு இருக்கட்டும்."

அம்மா "சரி" என்றாள். உப்பு வாங்கி வா என்றால் சொல்கிற அதே சரி. டிரங்குப் பெட்டியை இறக்கினாள். அன்றைக்கு என் படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்று, மறுநாளிலிருந்து மூத்த பெண் நான்தான் சோறு பொங்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை நர்ஸ் பிரகதாம்பாள் ஆபீஸ் சாவி கேட்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் பார்த்தாலே தெரியும், அதுதானே தொழில்.

"எத்தன நாளு தள்ளியிருக்கு மீனம்மா?"

அம்மா சொன்னாள்.

நர்சம்மா அப்பா பக்கம் திரும்பினார். "என்னய்யா ரத்தினவேலு, இதுக்கா பெட்டி கட்டுறீக? தையில செஞ்சது. ஒங்க ஒடம்புக்குள்ள ஏற்கெனவே இருக்கிறது போயி முடிய மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள உண்டாகத்தான் செய்யும். மூணு மாசம் சூதானமா இருங்கன்னு நீங்கதானே ஊரு ஊரா மைக்குல சொல்றீக?"

அப்பா கையிலிருந்த சாவியைத் துடைத்தார்.

"சொல்றீகள்ல?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"விட்டுட்டேன். சிரிக்கிறாகன்னு விட்டுட்டேன்."

"எப்பேருந்து?"

"கோட்டைப்பட்டினத்துக்குப் பொறவு சொல்லல."

நர்சம்மா கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "வல்லத்திராக்கோட்டை" என்று மட்டும் சொன்னார். அப்பா, "ஆமா" என்றார்.

அம்மா அறந்தாங்கிக்குப் போகவில்லை. பெட்டியை யாரும் மேலே ஏற்றவும் இல்லை. நடுவீட்டில் கிடந்தது. தாண்டித் தாண்டிப் போனோம்.

அன்று சாயங்காலம் அப்பா ஜீப்பை எங்கள் தெரு முனையில் நிறுத்தினார். துணி கட்டவில்லை, படம் இல்லை. படமில்லாமல் ஜீப் நிற்பதே அதிசயம் என்று கூட்டம் கூடியது. மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஊருக்கு ஊர் பேசுகிற அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல்:

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. ஆபரேஷன் செய்துகொண்ட பிறகும் மூன்று மாதத்துக்குள் கருத்தரிக்கலாம். இந்த வரியை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். டிரைவர் ரத்தினவேல் ஆகிய நான் தை மாதம் ஆபரேஷன் செய்துகொண்டேன். என் மனைவி மாசியில் கருவுற்றிருக்கிறார். அது என் பிள்ளை. தவறு என் மனைவி மேல் இல்லை. மறுபடி சொல்கிறேன்."

மறுபடி சொன்னார். விசில் எதுவும் வரவில்லை. ராசாத்தி அக்காள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். தன் படுக்கையைத் தெருவில் விரித்துக் காட்டிய ஆம்பளையை என்ன சொல்லிக் கேலி செய்வது என்று திருக்கோகர்ணத்துக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வல்லத்திராக்கோட்டை. அங்கே நடந்ததை நர்சம்மாதான் எங்களுக்குச் சொன்னார். அப்பா மைக்கில் சொல்லி முடித்ததும் வீரய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாராம்.

"அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

அப்பா மைக்கை இறக்கி வைத்தார்.

"வண்டில ஏறவா? அவள அழைச்சிட்டு வரணும்."

அப்பா, வீரய்யா, நர்சம்மா மூன்று பேருமாகக் காத்தாயியின் ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நிறைமாதம் அவளுக்கு. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆட்டுக்கு இலைக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். வீரய்யா ஜீப்பிலிருந்து இறங்கித் தலையைக் குனிந்து நின்றார். அப்பா மைக் இல்லாமல் அதே வரியைச் சொன்னார்.

காத்தாயி கேட்டுவிட்டு, கட்டிய குழையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "நா வாயால சொன்னேன். காலப் புடிச்சுச் சொன்னேன். அப்ப நம்பல. இப்ப மைக்கு சொன்னதும் நம்பிட்டாக. அப்ப இனிமே ஒவ்வொண்ணுக்கும் எனக்கு ஒரு ஜீப்பு வரணுமாக்கும்? நா வரல. போங்க."

வீரய்யா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். ஜீப் திரும்பி வந்தது.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நர்சம்மா போனபிறகு அப்பாவிடம், "அவ எனக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்கா" என்றாள். அப்பா, "ஆமா" என்றார். அன்று வீட்டில் சாப்பிட்டார். அம்மா பரிமாறினாள். ரசம் வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை. நான்தான் ஊற்றினேன், வேண்டுமென்றே வழிய வழிய. ஒருத்தரும் திட்டவில்லை. அந்த வீட்டில் அப்போது குறும்பு செய்வதில் ஒரு லாபமும் இல்லை.

அப்புறமும் அப்பா அதே ஜீப்பைத்தான் ஓட்டினார். ஆபீசில் மெமோ கொடுத்தார்கள். வேறு ஆள் கிடைக்காததால் வேலை போகவில்லை. மூன்று மாத வரியை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார். எல்லா ஊரிலும் சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மழை விடக் காத்திருப்பவர் மாதிரி.

ஐப்பசியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள், முன்கூட்டியே, போன தடவை மாதிரி ஆகாமல் இருக்க. நர்சம்மா ஜீப்பிலேயே போகலாம் என்றார். அப்பா பின் கதவைத் திறந்துவிட்டார். வீட்டுப் பொம்பளைகள் யாராவது ஏறினால் பின்னால் படுதா போட்ட பக்கம்தான் வழக்கம்.

"பின்னாடி ஒக்காந்துக்க. தெருவுல பாக்க மாட்டாக" என்றார்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். நடுவீடு வெறிச்சென்றானது. பிறகு சுற்றி வந்து, முன்னால் வலது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நர்சம்மா தானே பின்னால் போய் ஏறிக்கொண்டார்.

"பாக்கட்டும்" என்றாள் அம்மா. "மெதுவாவே போங்க."

பட்டப்பகல். அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். ராசாத்தி அக்காள் வாசலுக்கு வந்தாள். குழாயடியில் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை, தலையைக் குனியவும் இல்லை. ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தெரு முனையிலிருந்து பார்த்தபோது, ஜீப்பை அவள்தான் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.