நாலு இஞ்ச் உயரமும் ஒரு மரக்கட்டையும்

செல்லமுத்து அண்ணன் இன்று விடியற்காலை போய்விட்டார்.

தூக்கத்திலேயே. அவர் மகன் போனில் சொன்னான். சரி சாமி என்றேன். 

இன்று அவருக்கு ஆஸ்பத்திரி நாள். வண்டியைக் கழுவி, கண்ணாடி துடைத்து, தயாராக நிறுத்தியிருந்தேன்.

மெதுவாகத்தான் எழுதுகிறேன். நான் எழுத்துப் படித்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணனும் நானும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் டிரில்லர், நான் டிரைவர். பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஊர் போர்டெல்லாம் படித்துச் சொன்னவர் அவர்தான்.

வேலையை விட்ட பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் குடியிருந்தார். கிட்னி கெட்டுப்போனது. நாமக்கல்லில் டயாலிசிஸ். என்னிடம் ஒரு பழைய ஃபோர் வீல் பிக்கப் இருப்பதால் கூட்டிப் போவது என் வேலை.

ஓடைக்குப் பாலம் கிடையாது. போன மழையில் நடு ஓடையில் ஒரு கல் வண்டியின் அடியில் மாட்டிக்கொண்டது. டிராக்டர் வந்து இழுக்கும் வரை ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று டயாலிசிஸ் தவறியது. மறுநாள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் வண்டியின் உயரத்தைத் தூக்கிவிட முடிவு செய்தேன். அதற்கு லிஃப்ட் கிட் என்று ஒன்று உண்டு.

இருவரும் நாமக்கல்லில் ஒரு சஸ்பென்ஷன் கடைக்குப் போனோம். இரண்டு இஞ்ச் கிட் என்றால் இருக்கிற ஸ்பிரிங்குக்கே துண்டு கொடுத்துத் தூக்குவது. நாலு இஞ்ச் என்றால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாமே புதுசு.

கடை வாசலில் நாலு இஞ்ச் போட்ட வண்டி ஒன்று நின்றது. அடேயப்பா... சுற்றிச் சுற்றி வந்தேன். பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி பார்க்கிறாயே என்றார் அண்ணன்.

அந்தக் கல்லை இரண்டு இஞ்ச் தாண்டாது. நாலு இஞ்ச் தாண்டும். ஆனால் அண்ணனுக்கு முட்டி மடங்காது. அந்த வண்டியில் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். முடியவில்லை.

"இதுக்கு ஒரு ஏணியும் சேத்தி வாங்கோணும் தம்பி."

ஃபுட்போர்டு மாட்டித் தருகிறோம் என்றார் கடைக்காரர். அது கீழே தொங்குமே, கல்லில் முதலில் அதுதானே அடிபடும் என்று அண்ணனே சொல்லிவிட்டார். வாங்காமல் வந்துவிட்டோம்.

பிறகு வந்த யோசனையும் அவருடையதுதான். போர் போடும் ரிக் வண்டியில் ஜாக்கிக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயரம் ஏற்றுவோம். அதே மாதிரி அவர் வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் நாலு இஞ்ச் கட்டை கொடுத்தோம். கிட் வாங்கும் முன்பே கிட் போட்ட உயரம்.

அண்ணன் கைப்பிடியைப் பிடித்தார். ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏறிப்போட்டன் பாத்தியா. போய் நாலு இஞ்சே மாட்டு, போ."

மாட்டினேன். முதல் நாள் ஓடையில் ஒரு கல் தட்டவில்லை. சிரித்துக்கொண்டே போனோம். ஆஸ்பத்திரி முடிந்து வெளியே வந்து வண்டியில் ஏறப் போனார்... முடியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தார். முடியவே இல்லை.

வீட்டு வாசலில் ஏறினவருக்கு இங்கே என்ன ஆயிற்று? அவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. வீட்டு வாசல் சரிவு. அன்று அவர் நின்று ஏறின பக்கம் மேடு, அதனால் ஏற வேண்டிய உயரம் குறைந்திருந்தது.

"ஆயுசு பூரா ரிக்க மட்டம் பாத்து நிறுத்துனமே தம்பி... வாசல்ல மட்டம் பாக்காம உட்டுட்டமே."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆஸ்பத்திரி செக்யூரிட்டியும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம்.

கழற்றிவிட்டு இரண்டு இஞ்சே போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கல் அங்கேயேதான் கிடக்கும், டயாலிசிஸ் தவறக் கூடாது என்றார். வீடு வந்ததும் வாசலில் கிடந்த அந்த மரக்கட்டைகளில் ஒன்றை எடுத்து வண்டிக்குள் போட்டார்.

அதிலிருந்து அதுதான் அவருக்குப் படி. நான் இறங்கி இடது கதவுக்குக் கீழே கட்டையைப் போடுவேன். அவர் அதில் கால் வைத்து ஏறுவார். மறுபடி உள்ளே எடுத்து வைப்பேன்.

டயாலிசிஸ் ஓடும்போது சுவரில் இருக்கும் போர்டுகளை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். செருப்பை வெளியே விடவும். அமைதி காக்கவும். அவருக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த போர்டு என்ன சொல்கிறது என்று கேட்பார்... எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

நேற்று நல்ல மழை. இன்று ஓடையில் முழங்கால் தண்ணீர். அமரர் ஊர்தி ரோட்டுப் பக்கக் கரையிலேயே நின்றுவிட்டது.

அவர் மகன் என்னிடம் வந்தான்.

"சித்தப்பா, உங்க வண்டி ஓடையில எறங்குமுங்களா?"

எறங்கும் சாமி என்றேன்.

பின்னால் படுக்க வைத்தார்கள். நான் ஓட்டினேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. ஒரு கல் தட்டவில்லை.

கரை ஏறி நிறுத்தினேன். இறங்கினேன். கட்டையை எடுத்து இடது கதவுக்குக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

பின்பக்கமாக அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கட்டையை எடுத்து உள்ளே வைத்தேன்.

பார்த்துப் போங்கண்ணா...