கெசியா எழுதிய மூன்று கடிதங்கள்

எலிஃபலெட் வார்ஃபீல்ட் புதிய நாட்டுக்குச் சட்டம் எழுதப் பிலடெல்பியா போனதும், கனெக்டிகட் ஆற்றங்கரையில் இருந்த வீடும் நிலமும் பத்தொன்பது வயது மகள் கெசியாவின் தலையில் விழுந்தன. தாய் இல்லாத பெண். வேலி அடைப்பதா, எந்தப் பசுவை விற்பது என்று எல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதிக் கேட்பாள்.

ஆப்பிள் கூடைகளோடு அவள் ஏறும் நாளில் மட்டும், ஆட்களை அக்கரை சேர்க்கும் இளைஞன் ஏசா டார்பியின் படகு ஆமையாக நகரும்.

"ஆறு என்ன, இன்னைக்கு அகலமாயிடுச்சா?"

"நீ ஏறினா அப்படித்தான் ஆகுது" என்றான் ஏசா.

அந்தக் குளிர்காலத்தில் அப்பாவுக்கு மூன்று கடிதங்கள் போட்டாள். மூன்றிலும் வேலிக்கும் பசுவுக்கும் அடுத்து, ஏசாவைக் கட்டிக்கொள்ள ஆசை என்று ஒரு பத்தி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில்தான் வந்தது: "நீ எழுதிய அனைத்துக்கும் எனக்குச் சம்மதம்."

வசந்தத்தில் தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பை வாசித்த அன்று, பயணப் புழுதியோடு வந்து உட்கார்ந்திருந்த வார்ஃபீல்ட் திடுக்கிட்டு எழுந்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"உங்களைத்தான்ப்பா." கெசியா அவருடைய பதிலை நீட்டினாள்.

"இது பசுவுக்குச் சொன்ன சம்மதம்."

"பசுவுக்கு அடுத்த பத்தியில நான் இருந்தேன்."

பின்வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தாள்: "சட்டத்துலயும் இப்படித்தான் கையெழுத்துப் போடுறாரோ?"

சபை சிரித்தது. வார்ஃபீல்டின் காதுகள் சிவந்தன. "அங்க ஒரு வக்கீலுக்கு உன்னைக் கட்டித் தர்றதா வாக்குக் கொடுத்துட்டேனே" என்றார்.

"அவருக்கு நீங்களே எழுதிடுங்கப்பா."

"கையெழுத்து என்னோடதுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் கல்யாணத்துக்கு வரவில்லை. பல மாதங்கள் மகள் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் பனியில் வழுக்கி ஏசா தோளை உடைத்துக்கொண்டான். ஏழு மாத வயிற்றோடு கெசியா துடுப்பை எடுத்தாள். விஷயம் காதுக்கு எட்டிய மறுநாளே வார்ஃபீல்ட் பிலடெல்பியாவிலிருந்து கிளம்பி, படகுத் துறையில் வந்து நின்றார். அவர் கண்ணைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஏறுங்கப்பா" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி.

அவர் மேல்கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். துடுப்பைக் கேட்டு வாங்கினார். இரண்டு முறை படகை மணல்திட்டில் ஏற்றினார். கரையிலிருந்து ஏசா கத்தினான்: "ஐயா, ஆறு இந்தப் பக்கம் இருக்கு."

பனி உருகும்வரை மாமனார்தான் படகு விட்டார். பேரன் பிறந்த பிறகும் பிலடெல்பியா பக்கம் திரும்பவில்லை. பயணிகளோடு நடு ஆற்றில் படகை நிறுத்தி அரசியல் பேசுவார். சந்தைக்குப் போகிறவர்கள் கெசியாவிடம் வந்து புகார் சொல்வார்கள்.

"எங்கப்பா பேசி முடிக்கணும்னா நீங்க ஒத்துக்கணும். சரின்னு சொல்லிடுங்க, படகு தானா நகரும்" என்பாள்.