மாமாவின் காரில் ஒட்டிய பனாட்டு

மாமா கப்பல் என்ஜினியர். ஒருமுறை வரும்போது பழைய ஜெர்மன் கார் ஒன்றைக் கொழும்பில் இறக்கி, வல்வெட்டித்துறைக்கு ஓட்டி வந்தார். எங்களூர் மெக்கானிக்குகள் பொனற்றைத் திறந்து, காபரேட்டரைத் தேடி, காணாமல், மரியாதையாக மூடிவிட்டுப் போனார்கள். அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெட்டியும், உள்ளே கதவு மாதிரி ஒரு தட்டும்தான் இருந்தன. என்ஜின் இழுக்கிற காற்றுக்கு ஏற்ப அந்தத் தட்டு திறக்கும். அதன்படிதான் பெற்றோல் அளந்து போகும். தட்டு இறுகினால் கார் இருமிக்கொண்டு நின்றுவிடும். மாமா அதைப் பெற்றோல் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைக் கோழியிறகால் அச்சில் தொட்டுவைப்பார். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மாமாவின் கலியாணம் முடிந்து இருபத்தோராம் நாள், கப்பலில் வந்து சேரும்படி அவருக்குத் தந்தி வந்தது. போனால் ஒன்றரை வருசம். புதுப்பெண்ணான மாமி மடித்த சேர்ட்டையே மூன்று தரம் மடித்துப் பெட்டியில் வைத்தார்.

கொழும்பு ரயிலான கோச்சியைப் பிடிக்கப் புறப்படுகிற நாள் காலை, மாமா காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஸ்டார்ட் பண்ணும் திறப்பு காரிலேயே செருகியிருந்தது. அதைத் திருப்பிவிட்டுத் தட்டைத் தள்ளினால் பின்னால் பெற்றோல் பம்ப் முனகும் என்பது எனக்குத் தெரியும். எட்டு வயதில் இதைவிடப் பெரிய வித்தை வேறென்ன? தள்ளினேன். முனகியது. இன்னும் தள்ளினேன். அன்று காலை நான் தின்றது பாணிப்பனாட்டு. பனங்களியைக் காயவைத்துப் பாணி என்கிற பனம்பாகில் ஊறப்போட்டது அது. பட்ட விரலை நக்கிச் சுத்தமாக்கவே அரை நாள் வேண்டும். நான் நக்கவில்லை.

மத்தியானம் ஸ்டேசனுக்குப் புறப்பட்டபோது கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மாமா தட்டைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"உது எத்தினை நாளாய் நடக்குது?"

"இண்டைக்கு மட்டும்தான் மாமா."

அடிக்காகக் கண்ணை மூடினேன். விழுந்தது பெற்றோல் துணி.

"விரலைத் துடை. ஒருத்தருக்கும் சொல்லாதை."

அதன்பிறகு மாமா துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இறகைக் காணவில்லை என்றார். அது அவர் காதில் செருகியிருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். குற்றவாளி வாய்காட்டக் கூடாதென்று விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, கோச்சி போகப்போகுது. ஒரு ஹயர் காரைப் பிடியுங்கோவன்."

"என்ரை கார் நிக்க நான் ஏன் ஹயர் காரிலை போக?"

"உங்கடை கார் நிக்கிறதுதானே பிரச்சினை."

"நாளையான் கோச்சியிலை போனாலும் கப்பலைப் பிடிக்கலாம்."

"அதுவும் பிந்தினால் வேலை போம் அண்ணை."

மாமா தட்டை இன்னொரு தரம் துடைத்தார். மாமி நான்காவது தரமாகத் தேத்தண்ணி கொண்டுவந்தார். முகத்தில் கவலையின் அடையாளமே இல்லை, சிரிப்புத்தான். கார் பழுதாகிக் கிடக்கிறது, இவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கே கோபம் வந்தது.

பின்னேரம் மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். "இப்ப கோச்சி வெளிக்கிட்டிருக்கும்" என்றார். கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டித் திறப்பைத் திருப்பினார். கார் முதல் தரத்திலேயே பிடித்தது. அம்மா தலையில் கை வைத்தார். மாமி முன்சீற்றில் ஏறினார். கடற்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். நானும் ஓடிப்போய்ப் பின்கதவால் ஏறினேன். மாமா என்னைத் தூக்கி வெளியே விட்டார்.

வாசல் படலையடியில் நின்று அழுதேன். அடிக்காமல் விட்டதற்கு இதுதான் தண்டனை என்று நினைத்தேன். மாமா எவ்வளவு நீதியான மனிதர் என்று வெகுகாலம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.