ஜன்னல் கம்பியில் கட்டிய குழாய்

எங்கள் வீட்டு முன்னறையில் ஆறு நாள் ஒரு துணி துவைக்கிற மெஷின் நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இளக்காரமாகத்தான் இருக்கிறது. பாதி என் மச்சான் மேலே, மீதி என் மேலே. சரியாகச் சொன்னால் மீதிதான் பெரிசு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் வீட்டுக்காரி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வருகிற பனியனை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவி, ஓட்டையும் அழுக்கும் பார்த்துத் தள்ளுகிற வேலை. எங்கள் போர் தண்ணி உப்பு. அதில் சலவை சோடா போட்டு வீட்டுத் துணியைத் துவைத்துத் துவைத்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. ஒரு நாள் வெள்ளைப் பனியன் ஒன்றில் ரத்தப் பொட்டு விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் திட்டவில்லை. "கை ஆறுன பொறவு வாங்கக்கா" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் பாயில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவள் கை பட்ட பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று கம்பெனியில் பேர் இருந்தது. அந்தப் பேரோடு வீட்டில் சும்மா உட்கார அவளால் முடியவில்லை.

அதற்காகத்தான் மெஷின். முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டி, இவள் கை ஆற வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வாங்கினேன். அது வரைக்கும் சரி.

மெஷின் வந்து இறங்கியதும் அவள் சொன்னாள்: "பொறகால தகரக் கொட்டாயில வெச்சுப்போடுங்க. சாக்கடை அங்கதான இருக்குது."

நான் முன்னறையில் வைத்தேன். வீதியிலேயே முதல் மெஷின் எங்களுடையது. வருகிறவன் போகிறவன் கண்ணில் பட வேண்டாமா. அதை அப்படியே சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அழுக்குத் தண்ணிக் குழாயை வாசல் வழியாக விடலாம் என்று அவள் அண்ணன், என் மச்சான், சொன்னபோது, "வெள்ளிக்கெழமை ஆனா மஞ்சப் பூசற நிலவாசப்படி மச்சான், அதுமேல அழுக்குத் தண்ணிக் குழாய் போகப்படாது" என்று பெரிய பக்திமான் மாதிரிப் பேசினேன். நிலைப்படிமேல் அவ்வளவு மரியாதை இருந்தால் மெஷினைப் பின்னால் கொண்டுபோயிருக்க வேண்டும். என் டம்பத்துக்குச் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

மச்சான் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். உலகத்தில் மெஷின் என்று எது இருந்தாலும் அவருக்கு அத்துபடி, அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஜன்னல் வழியாகக் குழாயை விட்டார். நீளம் பத்தாமல் அது கம்பியோடு நின்றது. வேஸ்ட் துணியைக் கிழித்துக் கம்பியிலேயே இறுக்கிக் கட்டினார். ஜன்னல் என் இடுப்புக்கு மேலே. மெஷினில் தண்ணி போகிற வாயோ அடியில்.

அக்கம்பக்கம் நாலு பேர் வந்து நிற்க, துணி நன்றாகத்தான் சுற்றியது. தண்ணியை வெளியேற்றுகிற திருகைத் திருப்பினேன். ஒரு சொட்டு போகவில்லை.

"பஞ்சு அடைச்சிருக்கும் மாப்ள" என்றார் மச்சான்.

காலையில் பெட்டி பிரித்த மெஷினில் பஞ்சு எங்கிருந்து வரும்? நானும் தலையாட்டினேன். பின்மூடியைக் கழற்றினார். பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தார். நிட்டிங் மெஷினுக்கு விடுகிற எண்ணெயை நாலு சொட்டு விட்டார். கடைசியாகக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினார்.

"வருது, வருது" என்றார் துப்பிக்கொண்டே.

"உன்ற வாய்க்குத்தான் வந்திருக்குதுண்ணா" என்றாள் அவர் தங்கச்சி.

கடையில் போய்ச் சொன்னோம். ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். ஆள் வரவில்லை. அந்த ஆறு நாளும் மெஷின் துவைத்துக் கொடுத்தது, அவள் தண்ணியை மக்கில் மொண்டு, பக்கெட்டில் நிரப்பி, பின்னால் கொண்டுபோய் ஊற்றினாள். வெடித்த விரல் பூராவும் சோப்புத் தண்ணியில். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மெஷின் பார்க்க வந்தவர்களுக்கு அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். மஞ்சளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. குங்குமம் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். குங்குமச் சிமிழ் மூடியபடி இருந்தது.

அவள் நிமிராமலே கேட்டாள். "ஏனுங்க, உங்க சாயப்பட்டறைத் தொட்டில தண்ணி போற ஓட்டை மேல இருக்குதுங்களா, அடியில இருக்குதுங்களா?"

"அடியில."

அவள் மறுபடி மஞ்சளைத் தொட்டுப் பூசினாள். சாயப்பட்டறையில் தொட்டித் தண்ணியைத் திறந்துவிடுகிறதுதான் என் வேலை. தண்ணி மேலே ஏறாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. தெரியும். தெரிந்தேதான் ஆறு நாள் அவளை மொள்ள விட்டேன்.

மச்சானைக் கூப்பிட்டேன். "முன்னறையில இருந்தாத்தான மாப்ள மதிப்பு" என்று முனகிக்கொண்டேதான் ஒரு பக்கம் பிடித்தார். தகரக் கொட்டாயில் இறக்கி, குழாயைத் தரையோடு சாக்கடையில் போட்டுத் திருகைத் திருப்பினேன். கொடகொடவென்று போய்விட்டது. நான் இதுவரை கும்பிட்ட கும்பிடெல்லாம் எதற்கு என்று வெட்கமாக இருந்தது.

"பாத்தீங்களா" என்றார் மச்சான். "அன்னைக்கு விட்ட எண்ணெ இப்பத்தான் எறங்கியிருக்குது."

ஊரெல்லாம் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் சாமி முன்னால் நின்று, என் டம்பத்துக்கு உன்னைச் சாட்சி இழுத்தது தப்பு என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாசம் இருக்கும். கொடியில் காய்ந்த என் வெள்ளைப் பனியனை எடுத்தவள், வாசல் திண்டுமேல் விரித்து, விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இழுத்தாள். திருப்பிப் போட்டு இன்னொரு தரம் இழுத்தாள். ஒரு இழைகூட விரலில் மாட்டவில்லை.

"நாளைக்கு வேலைக்குப் போறனுங்க" என்றாள். அப்புறம் பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "அக்குள்கிட்ட ஓட்டை. இதப் போட்டுட்டுத்தான் வந்தவங்களுக்கெல்லாம் மெஷின் காட்டிட்டிருந்தீங்களா?"