ஒத்திகைக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது

2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை. விடியலில் ஏரியில் இறால் வலை இழுத்தேன். கரைக்கு வந்து வலையை அலசிக் காயப்போட்டேன். கூழ் குடித்தேன். காற்று மேற்கிலிருந்து, தண்ணீர் கலங்கல். பத்து மணிக்குப் பேரிடர் ஒத்திகை.

மழைக்காலத்துக்கு முன் எங்கள் குப்பத்தில் நடத்துவார்கள். சைரன் ஒலித்ததும் எல்லோரும் புயல் பாதுகாப்பு மையத்துக்கு நடக்க வேண்டும். அது முடிந்ததும் ஏரியில் விழுந்தவரை மீட்டுக் காட்ட வேண்டும். அதற்கு ஒருவர் மூழ்கி இறந்தவராகக் கிடக்க வேண்டும். ஊர்ப் பேரிடர் குழுவில் இருக்கிறேனே என்று நான் கையைத் தூக்கிவிட்டேன்.

என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தினமும் தண்ணீரில் இறங்குகிறவன் பிணமாகப் படுத்தால், ஏரி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை.

"இன்னாய்யா, புத்தி கெட்டுப்போச்சா? பொணமா படுத்தீன்னா நாளைக்கு நீ தொழிலுக்குப் போவ மாட்ட. நான் வுட மாட்டேன்."

தாலுகா ஆபீஸ் அதிகாரி பொறுமையாக விளக்கினார். "அம்மா, பேரிடர் சட்டம்னு ஒன்னு இருக்கு. ஆபத்து நேரத்துல கவர்மெண்ட்டு படகைக் கேட்டா குடுக்கணும், வண்டியைக் கேட்டா குடுக்கணும், கட்டடத்தைக் கேட்டாலும் குடுக்கணும்."

"புருஷனைக் கேட்டா குடுக்கணும்னு எழுதிக்கீதா சார்?"

அதிகாரி கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். புருஷன் அதில் இல்லை. வேறு யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். ஆண்கள் எல்லோரும் அவரவர் மனைவியைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

"நீங்களே படுத்துடுங்க சார்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "வூட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அவர் சிரித்தபடியே போன் போட்டார். பேசப் பேசச் சிரிப்பு வடிந்தது. "சரி... சரிம்மா, படுக்கல" என்று வைத்தார். என் மனைவிக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. அவளே வழி சொன்னாள்.

"மூழ்கட்டும். ஆனா உசிரோட தூக்குங்க. கண்ணை மட்டும் மூடக் கூடாது."

அதிகாரி 'இறந்தவர்' என்பதை அடித்துவிட்டு 'பிழைத்தவர்' என்று எழுதினார்.

ஏரியில் அந்த இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். மூழ்குவதற்கு நான் உட்கார வேண்டியிருந்தது. "காப்பாத்துங்க!" என்று கத்தினேன். "எழுந்து நில்லுய்யா!" என்று கரையிலிருந்து பதில் வந்தது. கடைசியில் படகில் அள்ளிப்போட்டு வந்து மணலில் கிடத்தினார்கள். மார்பில் எங்கே அழுத்த வேண்டும் என்று நர்ஸம்மா சுற்றி நின்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வெயில் கண்ணில் குத்தியது. இமை தானாக இறங்கியது. உடனே ஒரு நிழல் முகத்தில் விழுந்தது. அவள்தான், முந்தானையை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"மூடாதய்யா" என்றாள். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது, நாளைக்குத் தொழிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். காலையில் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வராவிட்டால் கண்ணேறு இருக்கிறதென்று அர்த்தம். அன்றைக்கு வீடு முழுக்க நெடி. இருவரும் இருமி இருமித் தெருவுக்கு ஓடிவந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே வலையை எடுத்து என் தோளில் போட்டாள்.